அவருக்காக நின்ற படகு

படகு இன்னும் கிளம்பவில்லை. கிளம்பாவிட்டால் என்ன, குணவதிக்கு ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் கட்டிக் கிடந்த அந்தச் சின்னப் படகின் ஓரப் பலகையில், பையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். எழுவைதீவுக்குப் போகிற படகு. எதிரே தண்ணீருக்கு நடுவில் ஒரு பழைய கோட்டை, அதைச் சுற்றி நீலமா பச்சையா என்று தீர்மானிக்க முடியாத கடல், தீர்மானித்து யாரிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும், இரண்டாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். அண்ணன் தேவராசு இங்கே இருந்தால் இந்நேரம் நாலு தடவை எழுந்து நாலு தடவை உட்கார்ந்திருப்பார், எப்பதான் எடுப்பீங்க என்று படகுக்காரரைப் பிடுங்கியிருப்பார். திருப்பதிக்கே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டு வந்த மனிதர், பெருமாள் எப்படி இருந்தார் என்று கேட்டால் வரிசை எப்படி நகர்ந்தது என்றுதான் சொல்வார். குணவதி அப்படி இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, காங்கேசன்துறையில் இறங்கி, யாழ்ப்பாணத்தில் ஒரே டீக்கடைக்குத் தினமும் போய், கடைக்காரர் கேட்காமலே சீனியைக் குறைத்துப் போடப் பழகிய பிறகுதான் அடுத்த ஊரைப் பற்றி யோசித்தாள். அதுதான் அவள் கண்டுபிடித்த வழி. அவசரப்படுகிறவர்களுக்கு ஊர் முகத்தைத்தான் காட்டும், உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் முதுகையும் காட்டும். அங்க என்ன இருக்கு? கிளம்பும்போது சேலத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி அது. அண்ணி கேட்டாள், பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், காஸ் சிலிண்டர் போட வந்தவன்கூடக் கேட்டான். கோயிலா? இல்லை. சொந்தக்காரங்களா? இல்லை. அப்ப அங்க என்னதான் இருக்கு? பனைமரம் இருக்கும், மணல் இருக்கும், ஆட்கள் இருப்பார்கள், வேறென்ன வேண்டும். செவ்வாய்ப்பேட்டைக்கு அந்தப் பக்கம் சேகோ ஆலையில், மரவள்ளிக்கிழங்கு ஊறிப் புளித்த வாடையில், தலை நரைக்கும்வரை கணக்கு எழுதினாளே, அங்க என்ன இருக்கு என்று ஒருத்தராவது கேட்டதுண்டா. சம்பளத்துக்குப் போனால் கேள்வி கிடையாது, சந்தோஷத்துக்குப் போனால் ஆயிரம் கேள்வி. போங்கடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்னதும் நன்றாக இருந்தது, இன்னொரு தடவை சொன்னாள்.

பை வந்து சேர்ந்ததில் பாதி நிம்மதி. இல்லையென்றால் இன்றைக்கு நாறிப்போயிருக்கும். பஸ்ஸில் இருந்து இறங்கி இறங்குதுறைக்கு ஓட்டோ பிடித்தவள், கடலைக் கண்டதும் வாயைப் பிளந்துகொண்டு இறங்கினாளே தவிர, பின்னால் வைத்த பையை மறந்துவிட்டாள். இரத்தக் கொதிப்பு மாத்திரை, மாற்றுச் சேலை, மூக்குக் கண்ணாடி, எல்லாம் அதற்குள். ஆலையில் தீபாவளிக்குக் கொடுத்த கறுப்பு ரெக்சின் பை, ஆண்கள் ஆபீசுக்குத் தூக்கிப் போகிற மாதிரியானது, அசிங்கமாக இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உழைக்கும். இறங்குதுறை டீக்கடைக்காரர் நல்ல மனிதர், ஓட்டோக்காரரைத் தெரிந்தவர், உடனே போன் அடித்துக் கொடுத்தார். கொண்டு வாறன் அம்மா, நீங்கள் போய் போட்டில இருங்கோ, ஓடாதேங்கோ என்றது அந்தக் குரல். படகில் ஏறியதும் படகுக்காரர், செபமாலை என்று பெயர், படகைக் கட்டியிருந்த கயிற்றில் கை வைத்தார். குணவதி பதறிப்போய், “அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷமுங்க, அவரு வந்துட்டே இருக்காரு” என்றாள். செபமாலை நிமிர்ந்து அவளை ஒருதரம் பார்த்தார், வெள்ளை மீசை, பனியனுக்கு மேல் ஒரு சிலுவை. “ஓ, அவர் வரவேணுமோ? அதுக்கென்ன, வரட்டும், பொறுப்பம்” என்று கயிற்றை விட்டுவிட்டு எந்திரத்தின் மூடியைத் திறந்து குனிந்துகொண்டார். எவ்வளவு மரியாதை பார், நம் ஊரில் பஸ் நடத்துநரிடம் இப்படிச் சொல்லிப் பார்க்கட்டும், விசிலாலேயே அடிப்பார். ஓட்டோக்காரர் கொடுத்துவிட்டார் போல, கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் வந்த மீன்காரர் ஒருவர் பையைத் தூக்கிக் காட்டி, இது போட்டில இருக்கிற அம்மாவுக்காம் என்று நீட்ட, படகில் இருந்தவர்கள் கை மாற்றிக் கொடுக்க, பை அவள் காலடிக்கு வந்துவிட்டது. செபமாலை பையைப் பார்த்தார், தலையை ஆட்டினார், பிறகு திரும்பி ரோட்டைப் பார்த்தார். எந்திரம் இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். எண்ணெய் வாடையும் கருவாட்டு வாடையும் சேர்ந்து வந்தது, அவளுக்கு அது பிடித்திருந்தது.

எதிர்ப் பலகையில் இருந்த அம்மாவோடு பேச்சுத் தொடங்கியதும் அப்போதுதான். பவளராணி, தீவுக்காரி, யாழ்ப்பாணத்தில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவள், மடியில் ஒரு பெரிய கூடை. “எங்க தங்கப் போறியள்?” என்று கேட்டாள். இன்னும் பாக்கலீங்க என்றதும், “அங்க லொட்ஜ் ஒண்டும் கிடையாது கண்டியளோ. எங்கட வீட்டில முன்அறை சும்மாதான் கிடக்குது. தனிய வாறவைக்கு நான் குடுக்கிறேல்லை. முந்தி ஒரு பிள்ளை தனிய வந்து நிண்டவள், பிறகு ஊர்ச் சனம் கண்டபடி கதைச்சு, விசாரணை எண்டு ஆக்கள் வந்து, பெரிய கரைச்சல். நீங்கள் எண்டபடியா பரவாயில்லை, வாங்கோ” என்றாள். நீங்கள் எண்டபடியா. அந்த இரண்டு வார்த்தையை குணவதி இன்னும் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தாள். தனியாக வருகிறவர்களுக்கு இல்லை, ஆனால் குணவதிக்கு உண்டு. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாளே, நரைத்த தலையை, அழுத்தமாகக் கட்டிய பருத்திச் சேலையை, பார்த்து எடைபோட்டு, இவள் சரியான ஆள் என்று ஒரு பெண்பிள்ளை தீர்ப்புச் சொல்லிவிட்டாளே. ஐம்பத்தாறு வயதில் முதல்முதலாக ஒருத்தி, கூட யாரு என்று கேட்காமல் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள். நாகப்பட்டினத்தில் கப்பல் சீட்டுக் கொடுத்த இடத்தில் கேட்டார்கள், கூட யாரும்மா. யாழ்ப்பாணத்தில் அறை தேடியபோது கேட்டார்கள், தனியவோ வந்தனீங்கள். தனியாத்தான் என்றால் உடனே ஒரு பார்வை அவளுக்குப் பின்னால் போகும், யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று பார்க்கிற மாதிரி. நோயாளியிடம் கேட்கிற குரலில் ஏன் என்பார்கள். ஏன் என்றால் என்ன சொல்வது, கால் இரண்டும் என்னுடையது, காசும் என்னுடையது, ஆசையும் என்னுடையது, நாலாவது ஆள் எதுக்கு. பவளராணி அதெல்லாம் கேட்கவில்லை. “நீங்கள் மச்சமோ மரக்கறியோ?” என்றுதான் கேட்டாள். மீன் சாப்பிடுவேனுங்க என்றதும், “நல்லது, அவிச்சுத் தாறன்” என்றாள். இதைவிட என்ன வேண்டும், இந்தக் கடலையே எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

கடலை முதலில் பார்க்க ஆசைப்பட்டபோது அவளுக்குப் பாவாடை சட்டை வயது. பள்ளிக்கூடத்தில் இராமேஸ்வரம் கூட்டிப்போகிறார்கள் என்று வந்து நின்றாள். அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார், கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்காமல், இப்ப எதுக்கு, கல்யாணம் ஆனதும் அவர் கூட்டிட்டுப் போவார் என்றார். அவர். அப்போது அவருக்கு முகம் கிடையாது, மீசை கிடையாது, ஆனால் குணவதியின் கடல் அவர் கையில் போய்விட்டது. பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. ஊட்டி அவரிடம் போயிற்று. சைக்கிள் கற்றுக்கொள்வது, அவர் வேண்டாம்னா என்ன பண்ணுவே என்று போயிற்று. நல்ல பட்டுச்சேலையை அம்மா மடித்துப் பூச்சி உருண்டை போட்டு, அவர் வந்தப்புறம் கட்டிக்கலாம் என்று உள்ளே வைத்தாள். தேக்குக் கட்டில் ஒன்று வாங்கிப் பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்காமல் மாடியறையில் நிற்க வைத்திருந்தார்கள், அவர் வந்து படுக்க. குணவதி தரையில் பாய் விரித்து அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறாள். மூல நட்சத்திரத்தில் பிறந்துவிட்டாள், அது அவள் செய்த தப்பு, மாமனாருக்கு ஆகாதாம், எந்த மாமனார் என்று தெரியாமலேயே அவருக்கு ஆகாமல் போய்விட்டாள். பெண் பார்க்க வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், போய் எழுதுகிறோம் என்றார்கள். வரவேண்டியவர் வராமலா போயிடுவார் என்று அம்மா ஒவ்வொரு தடவையும் கேசரிச் சட்டியைக் கழுவிக்கொண்டே சொல்வாள். குணவதியும் நம்பினாள், நம்பினதை ஏன் மறைக்க வேண்டும், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நெஞ்சு ஒருதரம் துள்ளும். முப்பத்தைந்து வயதுவரை துள்ளியது, சனியன். ஒருநாள் துள்ளுவது நின்றது, எந்த நாள் என்றுகூடத் தெரியவில்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அண்ணி அந்தக் கட்டிலைத் தன் மகனுக்கு எடுத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் குணவதி போய் கல்வராயன் மலைக்கு பஸ் ஏறினாள், பஸ் எங்கே திரும்புகிறதோ அங்கே இறங்கினாள், மூன்று நாள் இருந்தாள். மலை ஒன்றும் சொல்லவில்லை, யாரோடு வந்தாய் என்று கேட்கவும் இல்லை.

காற்று கொஞ்சம் கூடியிருந்தது. படகு கட்டுக்குள் அசைந்தது, அவள் பலகையை இறுக்கிப் பிடித்தாள். பயம்தான். பயமில்லை என்று யார் சொன்னது. அண்ணி வாசலில் நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது, இப்படியே சுத்துங்க, எங்கயாவது அநாதைப் பொணமாக் கெடந்து போன் வரும், உங்க அண்ணன்தான் தூக்கிட்டு வரணும். அண்ணி பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது, ராத்திரி கண் விழித்தால் அதே வார்த்தை குணவதியின் குரலிலேயே வருகிறது. தெரியாத ஊர்க் குளியலறையில் வழுக்கி விழுந்து, கூப்பிட்ட குரல் யாருக்கும் கேட்காமல். தலை சுற்றி ஒரு பனைமரத்தடியில் உட்கார்ந்து எழுந்திருக்காமல். முகத்தில் ஈ. அந்த ஈ வரைக்கும் மனசு தவறாமல் போகும், அதற்கு மேல் போகாது, திரும்பவும் குளியலறையிலிருந்து தொடங்கும். அண்ணன் வீட்டுக் குளியலறையில் வழுக்காதா? வழுக்கும். அங்கே விழுந்தால் கூப்பிட்டால் வருவார்கள். வருவார்கள், வந்து, அப்பவே சொன்னேன் என்பார்கள். அதுக்கு இந்த ஈயே பரவாயில்லை. இன்றைக்கு எப்படியோ தலைக்கு மேல் ஒரு கூரை அமைந்துவிட்டது, பவளராணி வீட்டு முன்அறை, கதவைத் தட்டினால் திறக்க ஒரு மனுஷி. அதை நினைத்ததும் ஈ பறந்துவிட்டது. பக்கத்தில் அட்டைப்பெட்டிக்குள் கோழிக்குஞ்சுகள் கத்திக்கொண்டே இருந்தன, ஓட்டை வழியாக ஒரு அலகு தெரிந்தது. பெட்டிக்காரர் தவராசா துண்டை எடுத்துப் பெட்டிமேல் வெயில் படாமல் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். பவளராணியும் ரோட்டைப் பார்த்தாள். எல்லோரும் ரோட்டைப் பார்க்கிறார்கள், பிறகு குணவதியைப் பார்க்கிறார்கள், பிறகு ரோட்டை. யாரோ பெரிய மனிதர் வரவேண்டும் போல, பாதிரியாரோ, வாத்தியாரோ. இவ்வளவு பேரை வெயிலில் காயவைத்துவிட்டு எங்கே போய் நிற்கிறார் அந்த மகராசன் என்று அவளுக்கே லேசாகக் கோபம் வந்தது.

“அம்மா,” என்றார் செபமாலை, எந்திரத்தின் மூடியை எப்போதோ மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு. “குறை நினையாதேங்கோ. அவரை இன்னும் காணேல்லை. ஒருக்கா போன் அடிச்சுக் கேளுங்கோவன். சோளகக் காத்து எழும்பினா இந்தச் சின்னப் போட்டுக்குக் கஷ்டம்.” யாருங்க என்றாள் குணவதி. “உங்கட அவர்தான். பை வந்திட்டுது, ஆளைக் காணேல்லையே.” தவராசா இதற்காகவே காத்திருந்த மாதிரி, “கெதியா வரச் சொல்லுங்கோ அம்மா, குஞ்சு எல்லாம் வெயிலுக்குச் செத்துப் போகும்” என்றார். பவளராணி விட்டுக்கொடுக்காமல், “சும்மா இரு தவராசா, அந்த மனுசனுக்கு என்ன அலுவலோ, வருவார்தானே” என்று குணவதிக்காகப் பரிந்து பேசினாள். குணவதிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர். கடவுளே, அவர். ஓட்டோக்காரரின் பெயர் தெரியாமல் அவரு வந்துட்டே இருக்காரு என்றாளே, அது. சேகோ ஆலையில் முதலாளியும் அவர்தான், ஆடிட்டரும் அவர்தான், லாரி ஓட்டுகிற பெரியவரும் அவர்தான், மரியாதைக்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான் அவளுக்கு. கழுத்தில் தாலி ஏறின பெண்களுக்குத்தான் அந்த வார்த்தை ஒரே ஆளுக்கு எழுதிக் கொடுத்தது. பெயரைச் சொல்லாமல் ஒரு பெண்பிள்ளை, அதுவும் இந்த வயதில், அவரு வர்றாரு என்றால் சேலமானாலும் சரி யாழ்ப்பாணமானாலும் சரி ஒரே ஒரு அவர்தான் வரமுடியும். அவள் பாட்டுக்கு வாயைக் கொடுத்திருக்கிறாள், மொழி அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டது. ஐயர் இல்லை, பந்தல் இல்லை, கேசரிகூட இல்லை.

சிரிப்பு பாதியில் நின்றது. நீங்கள் எண்டபடியா பரவாயில்லை. நீங்கள். மரியாதையாக ஒருத்தியைச் சொன்னாலும் நீங்கள்தான், இரண்டு பேரைச் சொன்னாலும் நீங்கள்தான். பவளராணி இரண்டு பேரைச் சொல்லியிருக்கிறாள். மச்சமோ மரக்கறியோ என்று கேட்டதும் இரண்டு பேருக்கு. நரைத்த தலையை அவள் பார்க்கவில்லை, பருத்திச் சேலையை எடைபோடவில்லை, ஒரு தீர்ப்பும் சொல்லவில்லை. வராத ஒரு ஆம்பிளைக்குத்தான் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள், அவனுக்குப் பின்னால் இவளும் நுழைந்துகொள்ளலாம். முகம் சுட்டது. அழுகை வருமோ என்று பயந்தாள், வரவில்லை, அதற்குப் பதிலாகப் பழைய கோபம் ஒன்று பல்லுக்கு நடுவில் வந்து நின்றது. ஆனால் இப்போது கோபப்பட்டு என்ன செய்வது, எல்லோரும் வாயைப் பார்க்கிறார்கள். உண்மையைச் சொன்னால் முன்அறை போய்விடும். தீவில் லாட்ஜ் இல்லை, மறுபடி படகு காலையில்தான். இறங்கி யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போகலாம், அதற்கு நாகப்பட்டினம்வரை போய்விடலாம், சேலம்வரை போய் அண்ணி முன்னால் நிற்கலாம். இல்லை, ஒரே ஒரு சின்ன வார்த்தை போதும். அவரு நாளைக்கு வர்றாராம், நீங்க எடுங்க. முடிந்தது. படகு கிளம்பும், அறை கிடைக்கும், மீனும் அவித்துக் கிடைக்கும். போனைக் காதில் வைத்து நாலு தடவை சரிங்க சரிங்க என்றால் யார் கண்டது. கை தானாகவே பைக்குள் போய் போனை எடுத்தது. செபமாலை ஆறுதலாகத் தலையசைத்தார். போனைக் காதில் வைத்தாள். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் கண்ணாடியின் சூடு. ஹலோ என்றாள். சொன்ன பிறகுதான் தெரிந்தது, ஒரு குரல் வேண்டும். அவர் என்ன சொல்கிறார்? ஏன் வரவில்லை, எங்கே வேலை, சளி பிடித்திருக்கிறதா? பேர் என்ன? பழவேற்காடு போகிற வழியில் ஒரு லாட்ஜில் இப்படித்தான் மாட்டிக்கொண்டாள். அவரு பின்னாடி வர்றாரு என்று வேண்டுமென்றே அவிழ்த்துவிட்ட பொய். இரண்டு சோப்பு வைத்தார்கள், இரண்டு துண்டு வைத்தார்கள். மாடிப்படி இறங்கும்போதெல்லாம் மேனேஜர், சார் இன்னும் வரலீங்களா மேடம் என்றார். சந்தேகம் வரக்கூடாதென்று இரண்டு பார்சல் இட்லி வாங்கிவந்து இரண்டையும் அவளே தின்று வயிறு உப்பிக் கிடந்தாள். ஏரியில் பறவை வந்திருக்கிறது என்று ஊரே போய்ப் பார்த்தது, அவள் போகவில்லை, போனால் சார் வந்துட்டா என்ன செய்வீங்க என்பார்கள். இல்லாதவன் அந்த அறையில் பாதிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். இப்போதும் அதுதான். நாளைக்கு வருகிறார் என்றால் நாளைக்கு இறங்குதுறைக்குப் போய் நிற்க வேண்டும். வரவில்லை என்று முகத்தைத் தொங்கப் போட வேண்டும். ஊரே வந்து விசாரிக்கும், பாவம் என்று இரண்டு மீன் அதிகமாகப் போடும். பனைமரத்தைப் பார்க்க நேரம் இருக்காது, ரோட்டையும் கடலையும்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவர் வருகிறாரா என்று. அப்பா கொடுத்த வேலை அது. அம்மா கேசரிச் சட்டியைக் கழுவிக்கொண்டே கொடுத்த வேலை. அதை விட்டுத் தொலைக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தது. கடல் தாண்டி வந்து மறுபடியும் அதே வேலைக்குச் சேர்வதா? அதுவும் சம்பளமில்லாமல்? மாட்டேன். வாயைவிட்டே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, பவளராணி என்ன என்பதுபோல் பார்த்தாள்.

குணவதி போனைக் காதிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டாள். எழுந்து நின்றாள், படகு ஆடியது, பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். 

“அண்ணா, அவரு வரமாட்டாருங்க.”

“ஏன், சுகமில்லையோ?” என்றார் செபமாலை.

“அவருன்னு ஒருத்தரே இல்லீங்க. நான் சொன்னது பையைக் கொண்டுவர்றேன்னு சொன்ன ஓட்டோக்காரரை. எனக்குக் கல்யாணமே ஆகலை. தனியாத்தான் வந்தேன், தனியாத்தான் போறேன். இந்தம்மா தனியா வர்றவங்களுக்கு அறை இல்லைன்னாங்க, அதுவும் காதுல விழுந்துச்சு. இருந்தாலும் நான் இறங்கப் போறதில்லீங்க.”

 பெட்டிக்குள் குஞ்சுகள் கத்தின. தவராசா துண்டைக் கீழே விட்டுவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். வெயிலில் நின்ற எரிச்சல் அவ்வளவும் குரலில் வந்தது. “அப்ப இவ்வளவு நேரமும் நாங்கள் ஆருக்காகப் பொறுத்தனாங்கள்?”

“நானும் இருபது வருஷம் பொறுத்துப் பாத்துட்டேனுங்க,” என்றாள் குணவதி. “அந்த ஆளு வரமாட்டான். படகை எடுங்க.”

முதலில் செபமாலைதான் சிரித்தார், மீசைக்குள்ளேயே. அப்புறம் படகின் முன்முனையில், அணியத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர். தவராசாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை, குனிந்து குஞ்சுகளை எண்ணுகிற மாதிரி பெட்டிக்குள் பார்த்தார். கயிறு அவிழ்ந்தது, எந்திரம் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது, இறங்குதுறை பின்னால் நகர்ந்தது. பவளராணி மட்டும் சிரிக்கவில்லை. கூடையை இரண்டு கையாலும் மடியோடு அணைத்துக்கொண்டு கடலைப் பார்த்திருந்தாள். ஏமாற்றப்பட்டவள் முகம் அது, ஒருவேளை ஏமாந்துதான் போனாளோ, அதற்கு குணவதி மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கேட்கவில்லை. இல்லாத புருஷனுக்காக இருக்கிறவள் மன்னிப்புக் கேட்பது என்ன நியாயம். கோட்டை பக்கவாட்டில் கடந்து போயிற்று. திறந்த கடலுக்கு வந்ததும் காற்று சேலைத் தலைப்பைப் பிடுங்கிற்று, உப்புத் தண்ணீர் முகத்தில் வாரி அடித்தது, பையிலிருந்து எடுத்து மாட்டிய மூக்குக் கண்ணாடி முழுக்கத் திட்டுத்திட்டாகக் கறை. துடைக்கத் துடைக்க மறுபடியும் அடித்தது. படகு ஒரு அலைக்கு மேலேயும் அடுத்த அலைக்குக் கீழேயும் போய் வந்தது. அந்தப் பக்கம் தீவு என்று ஒன்றும் இன்னும் தெரியவில்லை, கோடு மாதிரி ஏதோ இருந்தது, பனையாகவும் இருக்கலாம் மேகமாகவும் இருக்கலாம். இது சந்தோஷம்தான், வேறெதுவும் இல்லை என்று தனக்கே அடித்துச் சொல்லிக்கொண்டாள்.

“தனிய வாறவைக்கு அறை குடுக்கிறேல்லை எண்டு நான் முதலே சொன்னனான்,” என்றாள் பவளராணி, எந்திரச் சத்தத்துக்கு மேல்.

“சொன்னீங்க.”

“தெரிஞ்சுகொண்டும் வாறியள்.”

“ஆமாங்க.”

பவளராணி இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தாள். தலைநரையை, நனைந்துபோன பருத்திச் சேலையை, கம்பியை விடாமல் பிடித்திருந்த கையை, ஒவ்வொன்றாக.

“பயமில்லையோ?”

“இருக்குதுங்க. நெறைய இருக்குது.”

“அப்ப இண்டைக்கு எங்க படுக்கப் போறியள்?”

“தீவுலதாங்க,” என்றாள் குணவதி.